தன்னாற்றல் அகல்பட்டை ஒளியுணரிகள்: பாதுகாப்பான ஒளித் தொடர்பில் அவற்றின் இடம்

ஒளியுணரி என்பது தன்மேல் விழும் ஒளியை மின்குறியாக மாற்றித் தரும் கருவி. கண்ணாடி இழை வழியாக வீட்டுக்கு வரும் இணைய இணைப்பின் முனையிலும், ரிமோட்டின் கட்டளைக்குக் காத்திருக்கும் தொலைக்காட்சியின் சிறு கறுப்புக் குமிழிலும் இருப்பது அதுவே. இவற்றுள் பெரும்பாலானவை, வெளியிலிருந்து ஒரு மின்னழுத்தம் கொடுத்தால்தான் முழுத் திறனோடு வேலை செய்யும். அப்படி எதுவும் கொடுக்காமல், விழும் ஒளியின் ஆற்றலை மட்டுமே கொண்டு மின்னோட்டம் எழுப்புபவை தன்னாற்றல் ஒளியுணரிகள். புறஊதாவில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கடந்து, அகச்சிவப்பு வரை ஒரே கருவி உணருமானால் அது அகல்பட்டை ஒளியுணரி. இவ்விரு இயல்பும் சேர்ந்த கருவிகளைக் கொண்டு, பிறர் ஒட்டுக்கேட்க முடியாத ஒளித் தொடர்பை அமைக்கலாம் என்ற நோக்கில் அண்மை ஆண்டுகளில் ஏராளமான ஆய்வுகள் வந்துள்ளன. அவற்றை மதிப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தன்னாற்றலும் அகல்பட்டையும் கருவியின் குணங்கள்; பாதுகாப்பு என்பது அனுப்புமுனை, வழி, வாங்குமுனை, சாவி எல்லாம் சேர்ந்த அமைப்பின் குணம். கருவியின் குணத்தை அமைப்பின் குணமாக எடுத்துக்கொள்வதால்தான் இத்துறையின் மிகைக் கூற்றுகள் பலவும் பிறக்கின்றன.

பேட்டரி இல்லாத ஒளியுணர்வு புதிய எண்ணம் அன்று. 1839-இல் பிரெஞ்சு இயற்பியலர் எட்மண்ட் பெக்கரல், கரைசலில் மூழ்கிய உலோகத் தகடுகளில் ஒளி பட்டபோது மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். 1873-இல் வில்லோபி ஸ்மித் செலினியத்தின் மின்தடை ஒளியில் குறைவதை அறிவித்த பிறகு கவனம் பேட்டரியோடு இயங்கும் மின்தடை முறைக்குத் திரும்பியது. 1880-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் சார்லஸ் சம்னர் டெய்ன்டரும் வாஷிங்டனில் பிராங்க்ளின் பள்ளியின் கூரையிலிருந்து 213 மீட்டர் தள்ளியிருந்த ஆய்வகத்துக்குச் சூரிய ஒளிக்கற்றையின் மேலேற்றிப் பேச்சை அனுப்பினார்கள். அந்த ஒளிபேசியின் செலினிய வாங்கிக்குப் பேட்டரி தேவைப்பட்டது. ஜகதீஷ் சந்திர போஸ் 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, கலீனா என்னும் ஈய சல்பைடு படிகத்தை உணரியாகக் கொண்டது. அவர் ஆராய்ந்த மின்னலைகளுக்கு மட்டுமல்லாமல் ஒளிக்கும் அது துலங்கியது. அகல்பட்டை உணரி என்ற எண்ணத்தின் மூதாதை என்றே அதைச் சொல்லலாம். 1940-இல் பெல் ஆய்வகத்தில் ரசல் ஓல், ஒரு சிலிக்கன் துண்டில் ஒளி பட்டதும் எதிர்பாராத மின்னழுத்தம் எழுவதைக் கண்டு பி-என் சந்தியை அடையாளம் கண்டார். 1954-இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்த சிலிக்கன் சூரிய மின்கலமும் இன்றைய தன்னாற்றல் ஒளியுணரிகளில் பெரும்பகுதியும் அந்தச் சந்தியின் வழித்தோன்றல்களே.

வெளி மின்னழுத்தம் இல்லாமல் மின்னோட்டம் பிறப்பது எப்படி

குறைகடத்தியில் விழும் ஒரு ஃபோட்டானின் ஆற்றல், அப்பொருளின் ஆற்றல் இடைவெளியைவிட அதிகமாக இருந்தால் ஓர் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான ஒரு துளையும் பிறக்கும். அவற்றைப் பிரித்து எதிரெதிர் முனைகளுக்கு அனுப்பாவிட்டால் மிகக் குறுகிய நேரத்தில் மீண்டும் இணைந்து மறைந்துவிடும். பிரிக்கும் வேலையை வழக்கமான உணரியில் வெளி மின்னழுத்தம் செய்கிறது. தன்னாற்றல் உணரியில் அதைச் செய்வது பொருளுக்குள்ளேயே அமைந்த மின்புலம். துளைகள் மிகுந்த பி-வகையும் எலக்ட்ரான்கள் மிகுந்த என்-வகையும் சேரும் இடத்தில், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் வழிவதுபோல மின்னூட்டங்களை இழுத்துச் செல்லும் ஒரு சரிவு தானாகவே உருவாகிவிடுகிறது. சிலிக்கன் சந்தியில் அந்தச் சரிவின் உயரம் ஏறத்தாழ 0.7 வோல்ட். உலோகமும் குறைகடத்தியும் தொடும் ஷாட்கி சந்தியிலும், இரு வேறு குறைகடத்திகள் சேரும் கலப்புச் சந்தியிலும் நடப்பது இதுவே. ஒரே பொருளின் இரு முனைகளிலும் வெவ்வேறு உலோகங்களை வைத்தால்கூட ஒரு சாய்வு கிடைத்துவிடும்.

சந்தி இல்லாத வழிகளும் உண்டு. ஒளியால் ஒரு முனை சூடாகி மறுமுனை குளிர்ந்திருந்தால் சீபெக் விளைவால் மின்னழுத்தம் எழும். இந்த ஒளிவெப்ப மின்விளைவுக்கு ஆற்றல் இடைவெளி ஒரு பொருட்டல்ல. ஒளி உறிஞ்சப்பட்டால் போதும். ஆகவே இதன் அலைநீள வீச்சு இயல்பாகவே அகலமானது. வெப்பம் பரவ நேரம் எடுக்கும் என்பதால் தடிமனான பொருள்களில் இது மெதுவானது. கிராஃபீனில் நிலைமை வேறு. அங்கே படிகம் சூடாகும் முன்பே எலக்ட்ரான்கள் மட்டும் சூடாகி, பிக்கோநொடிகளில் குளிர்ந்துவிடுகின்றன. துத்தநாக ஆக்சைடு போன்ற படிகங்களில் வெப்பநிலை மாறும் கணத்தில் மட்டும் மின்னூட்டம் எழும். ஒளி வந்து விழும்போதும் நிற்கும்போதும் கூர்மையான துடிப்பு கிடைப்பதால், துடிப்புகளாக வரும் தரவை உணர இது பொருத்தம். பிஸ்மத் ஃபெரைட் போன்ற ஃபெரோமின் படிகங்களோ தம் ஆற்றல் இடைவெளியைவிடப் பெரிய மின்னழுத்தத்தையே தந்திருக்கின்றன. கிடைக்கும் மின்னோட்டம்தான் மிகச் சிறிது. பெக்கரலின் கரைசல் முறையும் மறையவில்லை. மின்பகுளியில் மூழ்கிய நானோகம்பிகளைக் கொண்ட ஒளிமின்வேதி உணரிகளுக்குக் கடல்நீரே மின்பகுளியாகலாம் என்பதால், நீருக்கடித் தொடர்பில் அவை கவனம் பெறுகின்றன.

வெளி மின்னழுத்தத்தைக் கைவிடுவதற்கு ஒரு விலை உண்டு. கலப்பு அணுக்கள் கனசென்டிமீட்டருக்குப் பத்தின் பதினைந்தாம் அடுக்கு என்று உள்ள சிலிக்கன் சந்தியில், வெளி மின்னழுத்தம் இல்லாதபோது மின்புலம் நிலவும் இயக்கமில்லாப் பகுதியின் அகலம் சுமார் 1 மைக்ரோமீட்டர். பின்னோக்கு முறையில் 10 வோல்ட் கொடுத்தால் அது ஏறத்தாழ நான்கு மடங்கு விரியும். அகலம் குறைந்தால் இரண்டு கேடு: மின்தேக்குத்திறன் நான்கு மடங்கு கூடிக் கருவி மெதுவாகிறது, ஆழத்தில் உறிஞ்சப்படும் நீண்ட அலைநீள ஒளியால் பிறந்த மின்னூட்டங்கள் புலத்துக்கு வெளியே பிறந்து தாமதமாக வந்து சேர்கின்றன. சிலிக்கனில் 400 நானோமீட்டர் ஊதா ஒளி 0.1 மைக்ரோமீட்டருக்குள் பெரிதும் உறிஞ்சப்பட்டுவிடும். 900 நானோமீட்டர் அகச்சிவப்பு சுமார் 30 மைக்ரோமீட்டர் ஆழம் போகும். குறுகிய புலத்தைக் கொண்டு இவ்விரண்டையும் ஒரே வேகத்தில் பிடிப்பது கடினம். தன்னாற்றலும் அகல்பட்டையும் ஒன்றையொன்று இழுக்கும் முதல் இடம் இது.

இரைச்சல் கணக்கு

இரண்டாவது இழுபறி இரைச்சலில் இருக்கிறது. வெளி மின்னழுத்தம் இல்லாவிட்டால் இருள் மின்னோட்டம் இல்லை. இருள் மின்னோட்டம் இல்லாவிட்டால் அதன் இரைச்சலும் இல்லை. தன்னாற்றல் உணரிகளுக்குச் சொல்லப்படும் பெரிய சிறப்பு இதுதான், அது உண்மையும்கூட. ஆனால் வெப்ப இரைச்சல் அப்படியே இருக்கிறது. அதன் அளவைத் தீர்மானிப்பது கருவியின் உள் இணைமின்தடை. அறை வெப்பநிலையில் 1 ஜிகா ஓம் மின்தடை, ஒரு ஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் சுமார் 4 ஃபெம்டோ ஆம்பியர் இரைச்சலைத் தரும். மின்தடை 1 கிலோ ஓமாகக் குறைந்தால் அது ஆயிரம் மடங்கு கூடி 4 பிக்கோ ஆம்பியராகும். நீண்ட அலைநீளத்தை உணர வேண்டுமானால் ஆற்றல் இடைவெளி குறுகியதாக இருக்க வேண்டும். இடைவெளி குறுகினால் அறை வெப்பத்திலேயே மின்னூட்டங்கள் பெருகி இணைமின்தடை விழுந்துவிடும். ஆகவே உணரியின் எல்லையை அகச்சிவப்புக்குள் தள்ளத் தள்ள, கட்புல ஒளியிலும் அதன் நுண்ணுணர்வு குறைகிறது. குளிர்விக்கப்பட்ட உணரிகளை அகச்சிவப்பு வானியல் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆய்விதழ்களில் வரும் எண்களை வாசிக்கும்போது இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். கண்டறிதிறன் என்னும் அளவீடு ஜோன்ஸ் என்ற அலகில் தரப்படுகிறது. அதைக் கணக்கிட உண்மையான இரைச்சலை அளக்க வேண்டும். பல கட்டுரைகள் அப்படி அளப்பதில்லை. இருட்டில் சுழி மின்னழுத்தத்தில் தெரியும் மிகச் சிறிய மின்னோட்டத்தை, பெரும்பாலும் அளவுக்கருவியின் அடிமட்டத்தையே, இருள் மின்னோட்ட இரைச்சலுக்கான சூத்திரத்தில் போட்டுப் பத்தின் பதின்மூன்றாம், பதினான்காம் அடுக்குகளை எட்டும் மதிப்புகளை அறிவிக்கின்றன. சுழி மின்னழுத்தத்தில் அந்தச் சூத்திரத்துக்குப் பொருளே இல்லை. மெல்லேட்டு உணரிகளில் இத்தகைய மிகை மதிப்பீடுகளை 2019-இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வெளியான ஒரு கட்டுரை விரிவாக எடுத்துக்காட்டி, இரைச்சலை அதிர்வெண் வாரியாக நேரடியாக அளக்கும் முறையை வற்புறுத்தியது. அந்தக் கோரிக்கை முழு நியாயமானது. அது எல்லா ஆய்வுக்கூடங்களிலும் நடைமுறையானால் இன்றைய சாதனைப் பட்டியல்கள் பல சுருங்கும்.

துலங்குதிறனுக்கு இத்தகைய குழப்பம் குறைவு. விழும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானைத் தந்தால், மைக்ரோமீட்டரில் அலைநீளத்தை 1.24-ஆல் வகுத்தால் கிடைப்பதே ஒரு வாட் ஒளிக்கு இத்தனை ஆம்பியர் என்னும் உச்ச அளவு. 850 நானோமீட்டரில் அது சுமார் 0.69, 1550-இல் 1.25. சந்தியை மட்டும் நம்பியிருக்கும் சுழி மின்னழுத்த உணரிக்குப் பெருக்கம் இல்லை என்பதால் அது இந்தக் கோட்டைத் தாண்டாது. தாண்டியதாக ஒரு கட்டுரை சொன்னால் முதலில் ஒளித் திறனையும் கருவியின் பரப்பையும் ஆய்வாளர்கள் அளந்த முறையைப் பார்க்க வேண்டும்.

பொருள்கள்

சிலிக்கனின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். அதன் பார்வை 1100 நானோமீட்டரோடு முடிகிறது. இழைத் தொடர்பின் 1310, 1550 நானோமீட்டர் சாளரங்களுக்கு ஜெர்மானியமோ இண்டியம் காலியம் ஆர்சனைடோ வேண்டும். பின்னது ஏறத்தாழ 1.7 மைக்ரோமீட்டர் வரை உணரும். புதிய பொருள்களின் ஆரவாரத்தில் இந்தப் பழையவற்றை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 2012-இல் பிரான்சில், சிலிக்கன் மேல் வளர்த்த ஜெர்மானிய அலைவழி உணரி ஒன்று வெளி மின்னழுத்தமே இல்லாமல் நொடிக்கு 40 ஜிகாபிட் தரவை வாங்கிக் காட்டியது. ஒளி கிடைமட்டமாக ஓட, மின்னூட்டங்கள் குறுக்காகச் சிறு தொலைவு மட்டும் நகரும்படி அமைத்ததே அதன் நுட்பம். உறிஞ்சும் நீளமும் கடக்கும் தொலைவும் வெவ்வேறு திசைகளுக்குப் பிரிந்துவிட்டன. தன்னாற்றல் உணரி மெதுவானதாகத்தான் இருக்கும் என்ற பொதுக் கருத்துக்கு அது தெளிவான மறுப்பு.

கிராஃபீனுக்கு ஆற்றல் இடைவெளியே இல்லை. புறஊதாவிலிருந்து டெராஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் அது உறிஞ்சும். ஆனால் ஓர் அணுத் தடிமன் கொண்ட தாள், விழும் ஒளியில் 2.3 விழுக்காட்டையே பிடிக்கிறது. 2010-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் கிராஃபீன் உணரியால் 1.55 மைக்ரோமீட்டரில் நொடிக்கு 10 ஜிகாபிட் தரவைப் பெற்றபோது, துலங்குதிறன் ஒரு வாட்டுக்கு 6 மில்லி ஆம்பியர் அளவே இருந்தது. இக்குறையைத் தீர்க்கக் கிராஃபீனைச் சிலிக்கன் மேலோ குவாண்டம் புள்ளிகளுக்கு அடியிலோ வைத்துச் சந்தி அமைக்கிறார்கள். கருப்புப் பாஸ்பரஸ் 0.3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியோடு நடு அகச்சிவப்பை எட்டும். திறந்த காற்றில் வைத்தால் சிதைந்துவிடும். பிளாட்டினம், பல்லேடியம் செலினைடுகள் அதைவிட நிலையானவை. பிஸ்மத் டெலுரைடு போன்றவை வெப்பமின் வழியில் உதவுகின்றன.

2009-இல் ஜப்பானில் சூரிய மின்கலத்துக்குள் நுழைந்த ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டுகள் ஒளியுணரிக்கும் நல்லவை. ஈயம் மட்டும் உள்ள வகை 800 நானோமீட்டர் வரை உணரும். வெள்ளீயம் கலந்தால் எல்லை 1000 நானோமீட்டரைத் தொடும். கரைசலாகப் பூசி, சற்றே சூடாக்கினால் படலம் தயார். அதே எளிமையோடு ஈரத்தையும் உள்வாங்கிக்கொள்வதுதான் சிக்கல். போஸின் ஈய சல்பைடு இன்று சில நானோமீட்டர் அளவுள்ள குவாண்டம் புள்ளிகளாகத் திரும்பியிருக்கிறது. புள்ளியின் பருமனை மாற்றினால் உணரும் அலைநீளமும் மாறும். இந்த அளவுசார் விளைவைக் கண்டறிந்ததற்கும் புள்ளிகளை உருவாக்கியதற்கும் 2023-இன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்விரண்டிலும் ஈயம் இருக்கிறது. உடலில் அணியும் அல்லது பொருத்தும் கருவிகளுக்குக் கொண்டுபோகும் முன் ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய கேள்விக்கு விடை வேண்டும்.

இரகசியம் எங்கிருந்து வருகிறது

ஒளித் தொடர்பு இயல்பாகவே பாதுகாப்பானது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது: ஒளி சுவரைத் தாண்டாது, கற்றையாகச் செல்வது, இழைக்குள் அடங்கியிருப்பது. மூன்றும் ஓரளவுக்கே சரி. இழையை வளைத்தால் உள்ளிருக்கும் ஒளியில் சிறு பங்கு கசியும். கசிவதை வாங்கி வாசிக்கும் கருவிகள் வெகுகாலமாக உள்ளன. அறை விளக்கின் வழியே தரவு அனுப்பும் முறையில், கதவிடுக்கு, சாவித்துளை, பாதி மூடிய சன்னல் ஆகியவற்றின் வழியாக வெளியிலிருந்து ஒட்டுக்கேட்க முடியும் என்று 2015-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே பாதுகாப்பை வேறெங்காவது தேட வேண்டியிருக்கிறது.

அகல்பட்டை உணரிகளை வைத்துச் சொல்லப்படும் எளிய வழி மறைப்பு. உண்மையான தரவைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் அனுப்பி, அதன்மேல் பொய்யான தரவைப் பச்சையிலோ சிவப்பிலோ போட்டுவிடுவது. கட்புல ஒளியை மட்டும் உணரும் ஒற்றரின் கருவிக்குப் பொய் மட்டும் தெரியும். இதைவிட நுட்பமானது இருதிசை உணரி. ஒரு நிறம் விழுந்தால் மின்னோட்டம் ஒரு பக்கமும், வேறு நிறம் விழுந்தால் எதிர்ப்பக்கமும் ஓடும்படி, இரு சந்திகளை எதிரெதிராக அடுக்கி இதை அமைக்கலாம். குட்டை அலைநீளம் மேற்சந்தியிலும் நெட்டை அலைநீளம் அடிச்சந்தியிலும் உறிஞ்சப்படும். 2021-இல் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, காலியம் நைட்ரைடு வகை நானோகம்பிகளை மின்பகுளியில் வைத்து, 254, 365 நானோமீட்டர் புறஊதாக் கதிர்களுக்கு எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் பெற்றது. இவ்வகைக் கருவிக்கு வெளி மின்னழுத்தம் இல்லாமலிருப்பது அவசியமான நிபந்தனை. வெளி மின்னழுத்தம் பெரிதானால் இரண்டு நிறத்துக்கும் மின்னோட்டம் ஒரே பக்கம் திரும்பிவிடும்.

இருதிசை உணரியின் வேலையை ஓர் எழுத்தை வைத்துப் பார்க்கலாம். ஒருங்குறியில் 'அ' எழுத்தின் எண் 2949. அதன் இரும வடிவின் கடைசி எட்டு இலக்கங்கள் 10000101. இரு தரப்பும் முன்பே பகிர்ந்துகொண்ட சாவி 01101001 என்று கொள்வோம். இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிட்டு, வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0 என்று எழுதினால் 11101100 கிடைக்கும். அனுப்புபவர் இந்த மறையெழுத்தை முதல் நிறத்தில் ஒளித்துடிப்புகளாக அனுப்புகிறார். வாங்குமுனையில் அதே நேரத்தில் சாவி இரண்டாம் நிறத்தில் உணரியின்மேல் விழுகிறது. இரண்டும் 1 ஆனால் எதிரெதிர் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டும் 0 ஆனால் எதுவும் எழாது. ஒன்று மட்டும் 1 ஆனால் ஏதோ ஒரு திசையில் மின்னோட்டம் ஓடும். திசையைப் பொருட்படுத்தாமல் மின்னோட்டம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால், உணரியே 10000101 என்று விடையைச் சொல்லிவிடுகிறது. மறைவிலக்கத்தைச் செய்யத் தனிச் செயலி தேவைப்படவில்லை. மின்னாற்றல் பற்றாக்குறையில் இயங்கும் சிறு கருவிகளுக்கு இது மெய்யான ஆதாயம். இரு நிறங்களின் மின்னோட்டங்களும் சமமாக இருக்க வேண்டும் என்பதே நடைமுறைத் தொல்லை. தொலைவு மாறினால் ஒன்றின் வலிமை குறைந்து, அழிய வேண்டியது முழுதாக அழியாமல் மிச்சம் நிற்கும்.

ஆனால் இது பாதுகாப்பானதா என்பது சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் மறையெழுத்தும் சாவியும் இரண்டு நிறங்களில் ஒரே காற்றுவெளியில் பறந்து வருகின்றன. இரண்டு நிற வடிகட்டிகளும் இரண்டு சாதாரண ஒளியுணரிகளும் வைத்திருப்பவர் இரண்டையும் தனித்தனியே பதிந்துகொண்டு, கழித்துப் பார்த்துவிடலாம். மறைப்பு முறைக்கும் இதுவே கதி: ஒற்றரிடம் அகச்சிவப்பு உணரி இருந்தால் மறைப்பு கலைந்தது. மறையாக்க முறை எதிரிக்கு முழுதும் தெரிந்திருந்தாலும் சாவி மட்டும் தெரியாதவரை இரகசியம் நிலைக்க வேண்டும் என்று ஆகஸ்டு கெர்க்காஃப்ஸ் 1883-இல் எழுதியது இன்றும் மறையியலின் அடிப்படை. செய்தியின் அளவே நீளமுள்ள, தற்போக்காக எடுக்கப்பட்ட, ஒரே முறை பயன்படும் சாவி இருந்தால் செய்தியை எந்தக் கணினியாலும் உடைக்க முடியாது என்பதைக் கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்டார். இருதிசை உணரி இந்த வரம்புக்குள் வர வேண்டுமானால், சாவி ஒளி வெளியிலிருந்து வரக் கூடாது. வாங்குமுனையின் மூடிய உறைக்குள் ஒரு சிறு எல்இடி அதை எழுப்ப வேண்டும். அப்போதும் சாவியை எப்படிப் பகிர்வது என்ற கேள்வி மீதமிருக்கும். அதைத் தீர்ப்பது உணரியின் வேலையன்று.

சூரியனால் தொல்லைப்படாத புறஊதாத் தொடர்பு மட்டும் சற்று வேறானது. 280 நானோமீட்டருக்குக் கீழான கதிர்களை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், தரைமட்டத்தில் அந்தப் பட்டையில் இயற்கை ஒளி ஏறக்குறைய இல்லை. காற்றில் அக்கதிர் விரைவில் சிதறி மங்குவதால் குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை. காலியம் ஆக்சைடு சந்திகள் இதற்குரிய தன்னாற்றல் உணரிகள். இங்கே வேண்டுவது அகல்பட்டை அன்று, அதற்கு நேர் எதிரான குறும்பட்டை.

ஒழுங்கற்ற லேசர் அலைவில் செய்தியை ஒளித்து அனுப்பும் முறை 2005-இல் ஏதென்ஸ் நகரில் 120 கிலோமீட்டர் இழையில் சோதிக்கப்பட்டது. பின்னர் நடு அகச்சிவப்பிலும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டைக்கு வெளி மின்னழுத்தம் இல்லாமலே மிக வேகமாக இயங்கும் குவாண்டம் அடுக்கு உணரிகள் உள்ளன. அவையும் வேகத்தைப் பெறுவது அலைநீள அகலத்தைக் கைவிட்டுத்தான்.

குவாண்டம் சாவிப் பகிர்வில் ஒரு காவல் வேலை

சாவியைப் பகிர்வதற்கு 1984-இல் சார்லஸ் பென்னெட்டும் கில் பிரசாரும் முன்வைத்த குவாண்டம் முறை ஒற்றை ஃபோட்டான்களை எண்ணுகிறது. இந்தியாவில் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2021-இல் அகமதாபாதில் திறந்தவெளியில் 300 மீட்டருக்குக் குவாண்டம் சாவிப் பகிர்வைச் செய்து காட்டியது. ஒற்றை ஃபோட்டானைப் பிடிக்க, உயர் மின்னழுத்தத்தில் வீழ்ச்சி எல்லைக்கு மேல் நிறுத்தப்பட்டு, ஒரு மின்னூட்டத்தைப் பலவாகப் பெருக்கும் சரிவு டையோடுகளோ குளிர்விக்கப்பட்ட மீகடத்தி நானோகம்பிகளோ வேண்டும். பெருக்கம் இல்லாத தன்னாற்றல் உணரியால் இது முடியாது. அலையின் வீச்சையும் கட்டத்தையும் அளக்கும் தொடர்மாறி வகையில் சாதாரண ஒளி டையோடுகளுக்கு இடமிருக்கிறது. அங்கேயும் வேகத்துக்காக வெளி மின்னழுத்தம் கொடுப்பதே வழக்கம்.

எனினும் இந்த அமைப்புகளில் அகல்பட்டைத் தன்னாற்றல் உணரிக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது, அதைப் பற்றி ஆய்வுகள் போதிய அளவு பேசவில்லை. குவாண்டம் சாவிப் பகிர்வை உடைக்க முயன்றவர்கள் இயற்பியல் விதியைத் தாக்கவில்லை, உணரியைத் தாக்கினார்கள். 2010-இல் வாதிம் மகரோவ் உள்ளிட்ட குழு, விற்பனையிலிருந்த அமைப்புகளின் சரிவு டையோடுகளைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, அவற்றைத் தம் விருப்பப்படி சொடுக்க வைக்க முடியும் என்று காட்டியது. இன்னொரு தாக்குதல், இழை வழியாக வெளியிலிருந்து ஒளியைச் செலுத்தி, உள்ளிருந்து திரும்பும் எதிரொளியை வாசித்து அமைப்பின் இரகசிய நிலைகளை அறிவது. 2017-இல் வெளியான ஆய்வு இதற்கு 1924 நானோமீட்டர் அலைநீளத்தைத் தேர்ந்தது. அந்த அலைநீளத்தை அமைப்பின் உணரிகள் அநேகமாகக் காண்பதேயில்லை. தாக்குதல் தடயமின்றி நடக்கலாம்.

இழையின் நுழைவாயிலில், கட்புல ஒளியிலிருந்து 2 மைக்ரோமீட்டருக்கு அப்பால் வரை உணரும் ஒரு காவல் உணரி இருந்தால், அந்த வீச்சுக்குள் எந்த நிறத்தில் ஒளி செலுத்தினாலும் அது மின்னோட்டமாக வெளிப்படும். மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் உணரியில் அந்த மின்னோட்டம் எழுவது நிற்பதில்லை. வெளி மின்னழுத்தமே இல்லாததால் உயர் மின்னழுத்த நிலையிலிருந்து தள்ளிக் குருடாக்கும் வழியும் அடைபடுகிறது. ஆனால் மேலே சொன்ன இரைச்சல் கணக்கு இங்கேயும் துரத்தி வரும். இணைமின்தடை 1 கிலோ ஓம், துலங்குதிறன் வாட்டுக்கு 0.5 ஆம்பியர், பட்டை அகலம் 1 கிலோஹெர்ட்ஸ் என்றால், சுமார் 0.26 நானோவாட்டுக்குக் குறைவான ஒளி இரைச்சலுக்குள் மறைந்துவிடும். தாக்குபவர் அதற்கும் குறைந்த ஒளியால் தகவல் பெற முடியாதபடி அமைப்பை வடிவமைத்தால்தான் காவல் பயன்படும். தரவை வாங்கும் முதன்மை உணரியோ குறும்பட்டையாகவே இருக்க வேண்டும், முன்னால் வடிகட்டியும் வேண்டும். எல்லா நிறத்துக்கும் துலங்கும் முதன்மை உணரி, தாக்குபவருக்கு எல்லா நிறத்திலும் வாசல் திறந்து வைக்கிறது.

மின்சாரக் கணக்கும் நடைமுறையும்

தன்னாற்றல் என்பது உணரிக்கு மட்டும் பொருந்தும். 1 மைக்ரோவாட் ஒளியில் அரை மைக்ரோ ஆம்பியர் கிடைத்தால், 0.3 வோல்ட்டில் அது 0.15 மைக்ரோவாட் மின்திறன். அதன் பின்னால் வரும் பெருக்கி, ஒப்பீட்டுச் சுற்று, செயலி எல்லாம் வேறெங்கிருந்தோ மின்சாரம் எடுக்கின்றன. முழு வாங்கியும் பேட்டரி இல்லாமல் இயங்க வேண்டுமானால் உணரியே மின்கலமாகவும் இருக்க வேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஹாஸ் குழு 2015-இல் சாதாரணச் சூரியத் தகட்டை வாங்கியாக்கி, மின்சாரம் எடுத்துக்கொண்டே நொடிக்கு 11.84 மெகாபிட் தரவையும் பெற்றது. பெரிய பரப்புள்ள தகட்டின் மின்தேக்குத்திறன் சாதாரணத் துடிப்பு முறையில் வேகத்தை வெகுவாகக் கட்டிப்போட்டிருக்கும். தரவைப் பல துணை அலைகளாகப் பிரித்து, மங்கும் அலைகளில் குறைவாகவும் தெளிவானவற்றில் அதிகமாகவும் ஏற்றியதால்தான் அந்த வேகம் கைகூடியது. பின்னர் காலியம் ஆர்சனைடு மின்கலத்தில் லேசரால் அரை ஜிகாபிட் வேகம் எட்டப்பட்டது.

உடனடிப் பயனுள்ள இடம் இதைவிட எளியது. வயல், பாலம், கடலடி ஆகிய இடங்களில் வைக்கப்படும் உணர்கருவிகள் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செய்திக்குக் காத்திருப்பதிலேயே கழிக்கின்றன. வாங்கியை விழித்தபடி வைத்திருப்பதே பேட்டரியைத் தின்கிறது. குறிப்பிட்ட ஒளித் துடிப்பு வரிசை வந்தால் மட்டும் செயலியை எழுப்பும் வாங்கியாகத் தன்னாற்றல் உணரியை வைத்தால் காத்திருப்புச் செலவு ஏறத்தாழ இல்லாமலாகும். அந்தத் துடிப்பு வரிசையையே இரகசியச் சாவியாக்கினால், கண்டவர் ஒளியடித்து எழுப்பிப் பேட்டரியைத் தீர்க்கும் தாக்குதலும் தடுக்கப்படும். இதற்கு ஜிகாபிட் வேகம் தேவையில்லை, கிலோஹெர்ட்ஸ் போதும். ஆய்வகத்தில் இன்று செய்யப்படும் பெரோவ்ஸ்கைட் உணரிகளிலும் இரு சந்திகளை அடுக்கிய உணரிகளிலும் பல இந்த வேகத்தை எளிதில் எட்டுகின்றன. ஈரமும் வெப்பமும் புகாத உறை, ஒரு தகட்டில் செய்த நூறு கருவிகளும் ஒரே அளவு துலங்கும் சீர்மை, ஈயக் கழிவைத் திரும்பப் பெறும் ஏற்பாடு ஆகிய மூன்றும் அமைந்தால் இவை ஆய்வுமேசையை விட்டு வெளியே வரலாம். அதுவரை களத்தில் சிலிக்கனும் ஜெர்மானியமுமே முன்னிற்கும்.